கீழக்கரையில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் யாருடையவை?

வேலை மாற்றலில், மரக்காயர் என்னும் முஸ்லிம் கடல்வணிகர்களின் ஊரான கீழக்கரைக்கு, ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக்கு வந்திருக்கிறீர்கள். பழைய தெருக்களில் வாடகைக்கு வீடு தேடி அலைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெரிய பெரிய வீடுகள், பாதிக்கு மேல் பூட்டு, ஆனால் வாடகைக்கும் இல்லை விலைக்கும் இல்லை என்கிறார்கள். இவ்வளவு பணம் இருந்த ஊரில் ஆட்டோ திரும்ப முடியாத சந்துகள் ஏன், ஊர் காலியாகிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு கிடைக்குமா என்பதைவிட, இந்தத் தெருக்களை யார், என்ன கணக்கில் கட்டினார்கள் என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். வாடகை விஷயம் கடைசியில்.

நான் ராமநாதபுரத்துக்காரன், பத்திரம் எழுதுவது தொழில். கீழக்கரைச் சொத்துகள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. வரலாறு படித்தவன் இல்லை. அந்த ஊரில் எனக்குக் கொண்டான் கொடுத்தான் உறவும் கிடையாது. வீட்டின் முன்பகுதியைத் தாண்டி நான் உள்ளே போனதெல்லாம் நாடா பிடித்து அளக்கும்போது மட்டும்தான், அதுவும் வீட்டுப் பெண்கள் ஒதுங்கிக்கொண்ட பிறகு. ஆகவே பத்திரமும் அளவும் காட்டுவதை அடித்துச் சொல்வேன். ஊர்ப்பேச்சை ஊர்ப்பேச்சு என்றே சொல்வேன்.

நடுத்தெரு, மேலத்தெரு, கிழக்குத்தெரு, வடக்குத்தெரு என்று எந்தத் தெருவின் பழைய பத்திரத்தைப் பிரித்தாலும் வெளியூர்க்காரர் கண்ணில் முதலில் படுவது நான்கெல்லைப் பகுதிதான். மற்ற ஊர்ப் பத்திரங்களில் எல்லைக்கு ஆண்கள் பெயர் வரும்: இன்னாருடைய மனைக்கு மேற்கு, இன்னார் தோட்டத்துக்குத் தெற்கு. இங்கே, ‘தெருவுக்கு வடக்கு, என் மூத்த மகள் வீட்டுக்கு மேற்கு, என் சகோதரி வீட்டுக்குத் தெற்கு, பள்ளிவாசல் சந்துக்குக் கிழக்கு’ என்கிற பாணியில் ஓடும். சுற்றிலும் பெண்கள் பெயர். எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் தகப்பனார், அல்லது தாயார். வாங்குபவர் மகள். கிரயப் பத்திரம் குறைவு. தான செட்டில்மெண்டும் ஹிபாவும் (இஸ்லாமிய முறைப்படி உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் கொடை) அதிகம். மகளுக்குக் கல்யாணம் என்றால் மகளுக்கு ஒரு வீடு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். காயல்பட்டினத்திலும் இதே வழக்கம் உண்டு. இது ஏட்டில் இருக்கும் சம்பிரதாயம் இல்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிக்கொண்டே வந்திருக்கும் நடைமுறை.

இந்த ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் தெருவின் வடிவம் முழுக்கப் புரிந்துவிடும். மகளை எங்கோ தூரத்தில் குடிவைக்க யாரும் விரும்பவில்லை. தாய் வீட்டை ஒட்டி, அல்லது தாய் வீட்டையே பிளந்து, மகளுக்குக் கொடுத்தார்கள். மூன்று மகள்கள் என்றால் மனை கிழமேலாக மூன்று துண்டு. அடுத்த தலைமுறையில் அந்தத் துண்டு ஒவ்வொன்றும் மறுபடி துண்டாகும். தெருவோரம் எல்லாருக்கும் முகப்பு கிடைக்காது என்பதால் பின்னால் போனவர்களுக்கு நடைபாத்தியம், அதாவது நடந்துபோகும் வழியுரிமை, எழுதி வைத்தார்கள். அந்த நடைபாத்தியம்தான் இன்றைக்கு நீங்கள் ஆட்டோவில் மாட்டிக்கொண்ட சந்து. தோள் அகலச் சந்துகளைப் பணமில்லாததாலோ அறிவில்லாததாலோ விட்டதாக நினைக்க வேண்டாம். அது வண்டிக்கான வழியாக ஒருநாளும் இருந்ததில்லை. உம்மா (தாய்) வீட்டுக்கும் ராத்தா (அக்கா) வீட்டுக்கும் சாச்சி (சின்னம்மா) வீட்டுக்கும் பெண்கள் பெருந்தெருவில் இறங்காமல் போய்வருகிற வழி. சில வீடுகளில் பொதுச்சுவரிலேயே கதவு இருக்கும். பாகம் பிரிக்கும்போது அந்தக் கதவை அடைப்பதா விடுவதா என்று ஒரு மணி நேரம் பேச்சு நடக்கும், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

சட்டத்தின் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இஸ்லாமிய வாரிசுரிமையில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. ஆனால் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்துவிட்ட சொத்து வாரிசுக் கணக்கில் வராது. கொடுக்கிறேன் என்ற அறிவிப்பு, பெற்றுக்கொண்டேன் என்ற ஏற்பு, சுவாதீனம் (கைவச அனுபவம்) ஒப்படைப்பு ஆகிய மூன்றும் இருந்தால் ஹிபா பூர்த்தி. சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 129ஆவது பிரிவு இதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறது; எழுத்தில் இருந்தாலும் பதிவு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. ஆக, சட்டம் பாதி கொடுக்கும் மகளுக்கு வழக்கம் வீட்டையே கொடுத்துவிடுகிறது. மகன்களுக்குக் கடையும் சரக்கும், மகள்களுக்குக் கல்லும் சுண்ணாம்பும். கடை மூழ்கினாலும் வீடு மூழ்காது. வியாபாரக் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல காப்புறுதி கிடையாது என்பது என் எண்ணம்.

வீடு கட்டும் பணம் எங்கிருந்து வந்தது என்பது பலரும் எழுதிய கதை, ஆகவே வேகமாகப் போகிறேன். மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும். சேதுபதிகளின் ஆட்சியில் இது அவர்களுடைய முக்கியத் துறைமுகம். டச்சுக்காரர்களும் இங்கே வணிக நிலையம் வைத்திருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழவன் சேதுபதிக்கு நெருக்கமாக இருந்த பெருவணிகர், ஷெய்கு அப்துல் காதிர் என்கிற பெரியதம்பி மரக்காயர். தமிழ்நாடு முழுக்க அவரைச் சீதக்காதி என்றுதான் தெரியும். உமறுப்புலவரையும் படிக்காசுப் புலவரையும் ஆதரித்தவர். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். அவர் எந்த ஆண்டில் இறந்தார் என்பதில் எழுதியவர்கள் ஒத்துப்போவதில்லை. பெரியதம்பி என்பது குடும்பத்தில் ஒருவருக்கு மேல் தாங்கிய பட்டம் என்பதால் டச்சு ஆவணங்களில் வரும் பெயர் எந்த இடத்தில் யாரைக் குறிக்கிறது என்பதில் குழப்பம் உண்டு.

நடுத்தெருவின் ஜும்மா பள்ளியைப் போய்ப் பாருங்கள். கருங்கல் தூண்களும் தூண் தலையில் உத்தரம் தாங்கும் போதிகைகளுமாக, கோயில் மண்டபம் கட்டிய அதே கைகள் கட்டியது போல இருக்கும். உருவம் மட்டும் இருக்காது, கொடியும் பூவும் இருக்கும். சீதக்காதி காலத்துக் கட்டடம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வேலைப்பாடும் அதற்கு ஒத்துப்போகிறது. ஊரில் இன்னொரு பள்ளிவாசலைப் பற்றி, அது ஏழாம் நூற்றாண்டிலேயே, நபிகள் காலத்திலேயே, யேமன் வணிகர்கள் கட்டியது என்று சொல்வார்கள், இணையத்திலும் அப்படியே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அரபு வணிகர் இந்தக் கரைக்கு மிக முன்பே வந்துபோனார்கள் என்பதில் சந்தேகமில்லை. பக்கத்துப் பெரியபட்டினத்தில் 1980களில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் வண்டி வண்டியாகக் கிடைத்ததும் உண்மை. ஆனால் அவை பல நூற்றாண்டுகள் பிந்தியவை. இப்போது நிற்கும் கட்டடத்தில் ஏழாம் நூற்றாண்டு என்று கைவைத்துக் காட்டத் தக்க கல் எதுவும் இல்லை. மரபை மரபாக மதியுங்கள், தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஊரின் பெரிய மனிதர்கள் பலர் பெண்வழியாக இந்த ஊருக்கு வந்தவர்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மார்க்க அறிஞர் செய்யிது முகம்மது ஆலிம் (1816–1898) கீழக்கரை தைக்கா சாஹிபின் மகளை மணந்தவர். அரூசிய்யா மத்ரசாவை வளர்த்தவர், அரபுத்தமிழில் (அரபு எழுத்தில் எழுதும் தமிழ்) எழுதியவர், இலங்கை முழுக்க மாணவர்கள் கொண்டவர். இத்தனைக்கும் பிறகு ஊர் அவரை இன்றுவரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றே அழைக்கிறது. எவ்வளவு பெரிய ஆலிமாக இருந்தாலும் இந்தத் தெருவில் ஒரு ஆணின் முகவரி மாமனார் வீடுதான்.

சங்கு வியாபாரத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. இங்கே குளித்தெடுத்த சங்கு டாக்காவுக்கும் கல்கத்தாவுக்கும் போனது. வங்காளத்து இந்துப் பெண்கள் கல்யாணத்தில் போட்டுக்கொள்ளும் வளையலாக அறுக்கப்பட்டது. அங்கே மணப்பெண்ணின் கையில் ஏறியதன் லாபம், இங்கே மணப்பெண்ணுக்கு வீடாக எழுந்தது. இலங்கையோடு மாணிக்கக் கல், துணி, பலசரக்கு. பர்மாத் தேக்கு தூணாகவும் உத்தரமாகவும் வந்து இறங்கியது. தொதலும் வட்டலப்பமும்கூட அந்தப் போக்குவரத்தில் வந்தவைதான். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுகிற கீழக்கரைத் தொதலுக்கு இலங்கையிலும் மலாய் நாட்டிலும் உடன்பிறப்புகள் உண்டு. மழைக்காலம் முடிந்த பிறகு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

அந்தக் கடல்வழி ஒரே நாளில் அடைபடவில்லை. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், பிறகு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள், 1960களில் பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், அதே ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல். தூத்துக்குடி முத்துக்குளிப்பும் 1961க்குப் பிறகு நடக்கவில்லை. ஆண்கள் சென்னை மண்ணடிக்கும் கல்கத்தாவுக்கும் போனார்கள், 1970களிலிருந்து துபாய்க்கு. அந்த அலையின் பெரிய பெயர் கீழக்கரைத் தொழிலதிபர் பி.எஸ். அப்துர் ரஹ்மான் (1927–2015). வண்டலூரில் கிரசென்ட் கல்லூரி தொடங்கிய அதே 1984இல் கீழக்கரையில் முகமது சதக் பொறியியல் கல்லூரி வந்தது. 1988இல் பெண்களுக்கென்று தாசிம் பீவி கல்லூரி. பணம் வந்த திசை மாறியது, செலவான இடம் மாறவில்லை. துபாய்ப் பணமும் முதலில் மகளுக்கோ தங்கைக்கோ வீடாகத்தான் ஆனது. தெருவில் தேக்குத் தூண் வீட்டுக்குப் பக்கத்தில் கிரானைட் ஒட்டிய மூன்று மாடி நிற்பதன் காரணம் இதுதான்.

ஆண்கள் மாதக்கணக்கில் கடலில் இருந்ததால் பெண்கள் தாய்வீட்டிலேயே இருக்கும் வழக்கம் வந்தது என்று எல்லாரும் விளக்கம் சொல்வார்கள். பாதி சரியாக இருக்கலாம். ஆனால் இதே கரையில் கடலுக்குப் போகிற எல்லாச் சமூகத்திலும் இது இல்லையே. கோழிக்கோடு, கண்ணூர்ப் பக்கத்து முஸ்லிம்களிடமும், இலங்கையின் கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் இதற்கு நெருங்கிய வழக்கங்கள் உள்ளன. ஒன்றுக்கொன்று கப்பல் தொடர்பு இருந்த கரைகள். ஆகவே தேவை ஒரு காரணம், கொண்டுவந்த பழக்கம் இன்னொரு காரணம் என்று நான் நினைக்கிறேன். எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டப் பத்திரத்தில் வழியில்லை.

இதைக் கேட்டுவிட்டு ‘ஆகா, பெண்களுக்குச் சொத்து’ என்று உடனே கை தட்டவும் வேண்டாம். பெயர் அவர்களுடையது, உண்மை. கணவனோடு பிணக்கு வந்தால் வெளியேற வேண்டியவர் கணவன், அதுவும் உண்மை. அது சாதாரண பலமில்லை. ஆனால் கையெழுத்து வேளையில் வந்து பேசுபவர் பெரும்பாலும் அண்ணனோ கணவனோ பவர் ஏஜென்ட்டோதான். வசதியற்ற குடும்பத்தில் இந்த வழக்கம் பெரும் சுமை. தங்கைக்கு வீடு முடிக்காமல் காக்காவுக்கு (அண்ணனுக்கு) கல்யாணம் இல்லை; படிப்பை நிறுத்தி விமானம் ஏறிய பையன்களை எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் ‘தனி வீடா, பங்கா’ என்று கேட்கும் இடத்தில் இதை வரதட்சணையிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஊருக்குள்ளேயே இதைக் கண்டிக்கும் குரல்கள் உண்டு.

ஊர் என்றால் மரக்காயர் மாளிகை மட்டும் என்றும் எண்ணிவிடாதீர்கள். சங்கு குளிப்பவர்கள், மீன்பிடிக் குடும்பங்கள், இந்து பஜார் வியாபாரிகள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் உள்ள நகராட்சி இது. முஸ்லிம்களுக்குள்ளும் ஏழை தெரு, பணக்காரத் தெரு உண்டு. நிர்வாகம் தெருவாரியான ஜமாத்துகள் கையில்: நிக்காஹ் பதிவேடு, கபர்ஸ்தான், சில தெருக்களில் பள்ளிக்கூடம், குடும்பத் தகராறு வரை. வாரிசுச் சான்று தருவது வட்டாட்சியர்தான் என்றாலும், யார் யாருக்குப் பிள்ளை என்ற விவரம் முதலில் தெளிவாவது ஜமாத் பதிவேட்டில்.

இப்போது பூட்டுக்கு வருவோம். பூட்டிய வீடுகள் இரண்டு வகை. முதல் வகைக்கு உரிமையாளர் உயிரோடு இருக்கிறார், சென்னையிலோ துபாயிலோ. ரம்ஜான், பெருநாள், கோடை விடுமுறை, வீட்டுக் கல்யாணம், மவுத்து (சாவு) என்றால் திறக்கும். மகளுக்குப் பன்னிரண்டு வயது என்றால் இன்னும் பத்து வருடத்தில் அந்த வீடு தேவைப்படும், அதுவரை பூட்டு. இதை விற்க மாட்டார்கள், வெளியாருக்கு வாடகைக்கு விடவும் தயங்குவார்கள். பொதுச்சுவரில் கதவு இருக்கும்போது, பக்கத்தில் உம்மாவும் தங்கையும் இருக்கும்போது, அந்நியக் குடும்பத்தை எப்படி வைப்பது? உங்களை அவமதிப்பதற்காக அதைச் சொல்லவில்லை.

இரண்டாவது வகைதான் சிக்கல். மகளுக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக்காரம்மா காலமாகிவிட்டால் வழக்கம் நின்று சட்டம் தொடங்கும். பெற்றோர் முன்பே காலமாகி, கணவர், இரண்டு மகன், மூன்று மகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்குக் கால் பங்கு. மீதி முக்காலை ஏழாகப் பிரித்து, மகன்களுக்கு இரண்டிரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று. அதாவது வீட்டில் ஒரு மகளின் பங்கு இருபத்தெட்டில் மூன்று, மகனுக்கு இருபத்தெட்டில் ஆறு. கணவரும் காலமானால் அவருடைய காலும் மறுபடி பிரியும். ஒருவர் கொழும்பில், ஒருவர் சார்ஜாவில், ஒருவர் மலேசியாவில். வெளிநாட்டில் எழுதிய பவரைத் தூதரகத்தில் சான்று பெற்று, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிட வேண்டும். ஒருவர் தாமதித்தால் மற்றவர் பவரும் கிடப்பில் போகும். இதற்குள் கூரை இறங்கிவிடும். கரையோரப் பழைய கட்டடங்கள் பலவற்றில் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும்தான். அதன்மேல் சிமெண்ட் பூசினால் உப்பு வெளியேற வழியில்லாமல் பூச்சை உரித்துத் தள்ளும். சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார் குறைவு. புதிதாக அந்தக் கல்லை எடுக்கவும் முடியாது. பவளத்துக்கு 2001இலிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் பாதுகாப்பு.

ஆக, ஊர் காலியாகவில்லை என்பது என் தீர்ப்பு. முதல் வகைப் பூட்டு காத்திருக்கும் பூட்டு. இரண்டாவது வகை கூடினால்தான் கவலை. கூடிக்கொண்டிருக்கிறது என்று என் மேசையில் வந்து நிற்கும் வாரிசுச் சான்றுகளை வைத்து ஊகிக்கிறேன். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த பெண்களுக்கு ஊர் வீடு மேல் பற்று எவ்வளவு நாள் இருக்கும் என்பதைப் பொறுத்தது மீதி.

வாடகைக்கு வருகிறேன். வள்ளல் சீதக்காதி சாலையை ஒட்டியும், ராமநாதபுரம் போகும் வழியில் புதிதாக வந்திருக்கும் மனைப்பிரிவுகளிலும் தேடுங்கள். தனிச்சுவர், தனிவாசல், தயக்கமில்லாமல் தருவார்கள். பழைய தெருவில்தான் வேண்டும் என்றால் புரோக்கரை விட்டுவிட்டு, உங்கள் அலுவலகத்தில் அந்தத் தெருக்காரர் ஒருவரைப் பிடித்து ஜமாத் அலுவலகத்தில் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். குடும்பத்தோடு வருகிறீர்கள் என்றால் கதவு எளிதில் திறக்கும். குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் பக்கத்து வீட்டில் கேளுங்கள். பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. பின்னாளில் வாங்கும் எண்ணம் வந்தால், வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்று மட்டும் பார்த்து முன்தொகை கொடுத்துவிடாதீர்கள். வாய்மொழி ஹிபா வில்லங்கத்தில் ஏறியிருக்காது. வீடு யார் சுவாதீனத்தில் இருக்கிறது, வரிரசீதும் மின் இணைப்பும் யார் பெயரில், விற்பவரின் சகோதரிகள் எத்தனை பேர் என்று கேட்டு, அத்தனை பேரையும் கையெழுத்துக்கு வரச்சொல்லுங்கள்.